யார் வந்து அழைத்தார்கள்?

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். "அங்க குளிரு தாங்க முடியுதுங்களா?" என்பார்கள். வெளிநாடு என்றாலே பனிக்கட்டி என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நாமக்கல் வெயிலும் பெர்த் நகரத்து வெயிலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மட்டும் கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். மாதம் மட்டும் தலைகீழ். நம் ஊரில் மார்கழிப் பனியில் ஆள் நடுங்கும்போது இங்கே தார் ரோடு இளகுகிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாய்கூட லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற உச்சி வேளையில், இங்கே ஜனங்கள் கடற்கரையில் வடகம் மாதிரி தங்களையே காயப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் மறு பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள்.

நாங்கள் இங்கே வந்து இந்த மாசியோடு நான்கு வருடம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டராக இருந்தேன். இங்கே டிரெய்லர் செய்கிற தொழிற்சாலையில் அதே வேலை. இரும்புக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் பிழைத்தேன். மனைவி கோகிலா ராசிபுரத்துக்காரி, முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் நிவேதாவுக்குப் பதினைந்து நடக்கிறது.

போன வாரம் பழைய பட்டறைக் கூட்டாளி தங்கவேல் கூப்பிட்டார். அவருடைய தங்கை குடும்பம் இந்த ஊருக்கே வரப்போகிறதாம், அதில் பதினாலு வயசுப் பெண் ஒன்று.

"ஊடு, வேலை எல்லாம் நாங்களே விசாரிச்சுட்டோமுங்க. அந்தப் புள்ள ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. அந்த ஊர்ல எம்பட வயசுப் புள்ளைங்க எல்லாம் எங்க போயி ஒண்ணு சேருவாங்கன்னு. உங்க ஊட்லதான் அந்த வயசுப் புள்ள இருக்குதே, கொஞ்சம் எழுதி அனுப்புங்க."

எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கம்தான் வருகிறது. ஆனால் அந்த அரைப் பக்கத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய நான்கு வருடம் பிடித்தது. அதற்குள் என் மகளுக்குக் கிடைத்த நாலு சிநேகிதிகளையும் நானே விரட்டிவிடப் பார்த்தேன். எனவே முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

2

நிவேதா இங்கே வந்தபோது பதினொன்று நடந்துகொண்டிருந்தது. முதல் பள்ளியில் தொப்பி இல்லாமல் வந்தால் மத்தியானம் விளையாட விடமாட்டார்கள். இவள் வேண்டுமென்றே தொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். ஏன் என்று ஆசிரியை எங்களைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தொப்பி இல்லாத பிள்ளைகள் நிழலில் உட்கார வேண்டும். நிழலில் உட்கார்ந்தால் யாரோடும் சேராமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். கோகிலா அன்றைக்கு ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை.

பிறகு பள்ளி மாறியது, வீடு மாறியது. போன வருடம் பள்ளி முகாமுக்கு ஒரு படிவம் வந்தது. இந்த ஊரில் எதற்கும் படிவம்தான். தும்மலுக்கு மட்டும்தான் இன்னும் போடவில்லை. அதில் ஒரு கட்டம்: அவசரம் என்றால் கூப்பிட, பெற்றோர் அல்லாத இரண்டு பேர். முதல் கட்டத்தில் என் சூப்பர்வைசர் பெயரை எழுதினேன். இரண்டாவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டே டீ ஆறிப்போனது. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று கையைத் தூக்கினால் நாற்பது பேர் "என்னாச்சுங்க" என்று ஓடி வருவார்கள். இங்கே எழுத ஒரு பெயர் இல்லை. கட்டத்தைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த முகாமுக்குப் போய் வந்தவள் வேறு பெண்ணாக வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பெயர் ஹானா. ஹானாவோடு இன்னும் மூன்று பேர். சாப்பாட்டு மேஜையில் ஹானா இப்படிச் சொன்னாள், ஹானா அப்படிச் செய்தாள் என்று ஒரே ஹானா புராணம். கோகிலா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். மூன்றரை வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வேண்டுதல் நிறைவேறியிருந்தது.

3

ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை. வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிவேதா போனோடு வந்து நின்றாள்.

"அப்பா, சனிக்கிழமை பீச்சுக்குப் போகட்டுங்களா?"

"யாரு கூட?"

"ஹானா, மத்தவங்க எல்லாரும்."

"யாரு வந்து அழைச்சாங்க?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. போனைத் திருப்பிக் காட்டினாள். "குரூப்ல போட்டிருக்காங்கப்பா. சனிக்கிழமை மூணு மணிக்கு மேல பீச்சுல இருப்போம்னு."

"அது சரி. உன்னைய வான்னு யாரு சொன்னாங்க? அவங்க அம்மா போன் பண்ணுனாங்களா? நேர்ல வந்தாங்களா?"

"எதுக்குப்பா அவங்க அம்மா வரணும்?"

"அப்ப அது அழைப்பே இல்ல சாமி. நாங்க இங்க இருப்போம்னு சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்."

எனக்குக் கடலைப் பற்றிப் பயம் இல்லை. பையன்கள் வருவார்களோ என்ற பயம்கூட இல்லை. அது கோகிலாவின் இலாகா. என் கணக்கு வேறு. நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்பது வெறும் காகிதம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தட்டில் பழம், வெற்றிலை, பாக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். "குடும்பத்தோட வந்திருந்து எங்க ஊட்டு விசேசத்த நீங்கதான் நடத்திக் குடுக்கணுமுங்க" என்று சொல்லித் தட்டை நீட்ட வேண்டும். அதுதான் அழைப்பு. வீடு பூட்டியிருக்கிறது என்று பத்திரிகையைக் கதவு இடுக்கில் செருகிவிட்டுப் போனால் அந்த வீட்டுக்காரர்கள் வரமாட்டார்கள். வராததற்கு யாரும் அவர்களைக் குறை சொல்லவும் மாட்டார்கள். என் அண்ணன் புதுவீடு கட்டிக் குடிபோனபோது வேலை நெருக்கடியில் சித்தப்பாவுக்குப் போனில் மட்டும் சொன்னான். பக்கத்துத் தெருவில் இருந்த சித்தப்பா வரவில்லை. அடுத்த நாள் பால் வாங்கப் போகும்போது எதிரில் பார்த்தவர், "விசேசம் நல்லா நடந்துச்சா?" என்று சிரித்த முகத்தோடு விசாரித்தார். அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டான். "போன்ல சொன்னா அது சேதியப்பா. நேர்ல சொன்னாத்தான் அழைப்பு. சேதி கேட்டேன், சந்தோசம்" என்றார். தப்பு அண்ணன் பேரில்தான்.

அழையா வீட்டில் நுழையா சம்பந்தி என்று சொல்லி வளர்த்த ஊர். என் மகள் நாலு பேர் இருக்கிற இடத்துக்குக் கூப்பிடாமல் போய் நின்று, "இவளை யார் வரச்சொன்னது?" என்று ஒருத்தி கேட்டுவிட்டால்? நான் மறுத்தது அவளுடைய மரியாதைக்காக என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

"முறையா கூப்பிட்டா நானே கொண்டுபோய் உடறேன்" என்றேன்.

நிவேதா கோபப்படும்போதும் 'ங்க' போடுவாள். "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

4

இந்த நகரத்தின் வரைபடத்தை நான் மறுத்த இடங்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் சனிக்கிழமை கடற்கரைக்கு மேலே உள்ள புல் சரிவு. அங்கே வரிசையாகப் பெரிய ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு கூட்டம் உண்டு. இரண்டாவது வாரம் ஐஸ் தளம். நாற்பது டிகிரி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பனி உறைந்த தரையில் அடியில் கத்தி வைத்த பூட்ஸ் மாட்டி வழுக்குகிறார்கள். அதற்கும் ஒரு படிவம், விழுந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று அப்பன் கையெழுத்துப் போட. மூன்றாவது, ஆற்றங்கரைப் படகுத்துறை. மேலேயிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிப்பது. அப்புறம் ஷாப்பிங் சென்டரில் ஜவ்வரிசி போட்ட டீ விற்கிற கடை. ஒரு டீ வாங்கினால் மூன்று மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்புவதில்லை.

ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி கேட்டேன். "யாரு வந்து அழைச்சாங்க?" ஒவ்வொரு தடவையும் அதே "சரிங்கப்பா."

ஐந்தாவது வாரம் அவள் வந்து கேட்கவில்லை. ஆறாவது வாரமும் கேட்கவில்லை. நான் சொன்னது மனதில் பதிந்துவிட்டது, நல்லது என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைத்தவனை என்னவென்று சொல்வது? எங்கள் பட்டறையில் ஒரு டிரைவர் வண்டிக்குப் பின்னால் எழுதச் சொன்ன வாசகம் நினைவுக்கு வருகிறது: 'சத்தம் வரலைன்னா சரியா ஓடுதுன்னு அர்த்தமில்லை.'

கோடை விடுமுறை தொடங்கியது. நிவேதா சோபாவில் ஜன்னல் திரையை மூடிவிட்டுப் படுத்திருந்தாள். வெளியே ஊர் முழுக்க வெயில், எங்கள் வீட்டுக்குள் மட்டும் மழைக்காலம். போன் நெஞ்சின் மேல் கிடந்தது. கோகிலாதான் கேட்டாள்.

"ஏம்மிணி, இந்த வாரம் ஹானாவெல்லாம் எங்க போறாங்க?"

"தெரியலீங்கம்மா."

"குரூப்ல போடலயா?"

"வேற குரூப் போட்டுட்டாங்க. அதுல நான் இல்ல."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எங்கள் கோகிலா சண்டைக்காரி. அன்றைக்கு என்னை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

5

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். கோகிலா பேச்சை எங்கேயோ ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, நீங்க எங்கங்க போவீங்க, அந்த வயசுல?"

"எங்க போறது? ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு. பாதி கட்டுன லாரி மேல ஏறி உக்காந்துக்குவோம். ஏழெட்டுப் பேரு. பொரி, கடலை. இருட்டற வரைக்கும் கதைதான்."

"வாராவாரம் வேற ஆளுங்களா?"

"யாருக்கு நேரம் இருக்குதோ அவன் வருவான்."

"சரிங்க. நான் எங்க போனேன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"நீயெங்க போன? ஊட்லதான் இருந்திருப்ப."

"டைப் கிளாசுக்குப் போனேன்."

அது எனக்குத் தெரியும். ராசிபுரத்தில் நெய்க் கடைக்கு மேலே மாடியில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பு. சான்றிதழ் சுவரில் மாட்டும் அளவுக்கு மாமனாருக்குப் பெருமை.

"லோயர் பரீச்ச மட்டும் மூணு தடவ எழுதுனேன், தெரியுமுங்களா? மொதத் தடவையே பாசாயிருப்பேன். வேணும்னே தப்பு அடிச்சேன். பாசானா அப்பா நிறுத்திருவாரு. அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கும் மல்லிகாவுக்கும் சுகந்திக்கும். நெய் காச்சற வாசம் மேல வரும். மிசினு சத்தத்துல நாங்க பேசறது மாஸ்டருக்குக் கேக்காது. கல்யாணம் ஆகற வரைக்கும் நான் சிரிச்சதெல்லாம் அங்கதான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"டைப் கிளாசுக்கு எங்களை யாருங்க வந்து அழைச்சாங்க?"

நான் இன்னொரு துணியை எடுத்தேன், அவள் விடவில்லை.

"லாரி மேல உக்காரறதுக்கு உங்களுக்கு யாருங்க தட்டு வெச்சாங்க? வெத்தல பாக்கு வாங்கிட்டா ஏறுனீங்க?"

"அது வேற கோகிலா..."

"வேற இல்லீங்க. விசேசத்துக்குத்தான் அழைப்பு. பொழங்கற எடத்துக்கு எதுக்கு? கூப்பிட்டாத்தான் வருவேன்னா அது சம்பந்தி, சிநேகிதி இல்ல. அந்தப் புள்ளைங்க நாங்க இங்க இருப்போம்னு சொல்லுச்சே, அதுதானுங்க அழைப்பு. அதுக்கு மேல என்ன சொல்லோணும்?"

இருபத்திரண்டு வருட வெல்டிங்கில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. ஒட்டு சரியில்லை என்றால் மேலே பூசி மறைக்க முடியாது. அறுத்து எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

6

ஆனால் மறுபடி போடவும் எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். பொங்கல் வருகிறது, ஹானா குடும்பத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைப்போம் என்றேன். கோகிலா யோசித்துவிட்டுச் சரி என்றாள். நிவேதாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டு மறித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேட்டி கட்டினேன். கோகிலா பட்டு. எவர்சில்வர் தட்டில் வாழைப்பழம், ஆப்பிள், இந்தியக் கடையில் வாங்கிய வெற்றிலை, பாக்கு. ஹானா வீடு நாலு தெரு தள்ளி. மணியை அடித்தோம்.

கதவைத் திறந்தது ஹானாவின் அம்மா. ஈரத்தலை, கையில் காபிக் கோப்பை. எங்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். முகத்தில் மரியாதையான ஒரு வருத்தம்.

"மன்னிக்கணும், எங்களுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது" என்றார், இங்கிலீஷில்.

மதப் பிரசாரத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். நான் அவசரமாக, நாங்கள் நிவேதாவின் அப்பா அம்மா என்றேன். "ஓ, நிவி!" என்று கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் குடித்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, முறைப்படி நடக்கிறது. எழுந்து நின்று தட்டை நீட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஊர் வழக்கத்தை அப்படியே இங்கிலீஷில் மாற்றி வைத்திருந்தேன். நீங்கள் குடும்பத்தோடு வந்து எங்கள் விசேஷத்தை நடத்திக் கொடுக்க வேண்டும்.

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானா? எனக்கு உங்கள் சமையல் எதுவும் தெரியாதே. எத்தனை பேருக்கு?"

நடத்திக் கொடுக்கச் சொன்னால் நடத்தத்தானே வேண்டும்! கோகிலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே முதியோர் இல்லத்து இங்கிலீஷில், சாப்பிட வந்தால் போதும் என்று விளக்கினாள். அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். ஆனால் அந்தத் தேதியில் ஊரில் இருக்கமாட்டார்களாம். தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது வாசலில் சொன்னார்.

"உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எவ்வளவு பெரிய குடும்பம்! ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களுக்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறதாமே. நிவி சொல்லியிருக்கிறாள். பாவம் ஹானா, நாலு தடவை பார்த்துவிட்டு, எங்களோடு சேர அவளுக்கு நேரமில்லை என்று விட்டுவிட்டாள். உங்களுக்கு ஓய்வான சனிக்கிழமை இருந்தால் அனுப்புங்கள். பிள்ளைகள் மூன்று மணிக்கு மேல் அந்தப் புல் சரிவில்தான் கிடக்கும். யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம்."

நான் தலையை ஆட்டினேன். மறுத்துப் பேசவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. இந்த ஊரில் எங்களுக்கு என்ன ஃபங்ஷன்? சொந்தம் என்று சொல்ல ஒரு காக்காய் கிடையாது. படிவத்தில் எழுத இரண்டாவது பெயர் இல்லாத வீடு. அந்த வீட்டுக்கு வாரம் ஒரு சீமந்தம், காதுகுத்து, கல்யாணம் என்று என் மகள் கட்டி எழுப்பியிருக்கிறாள்.

"எங்கப்பா உடமாட்டேங்கறாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே" என்றேன்.

"சொல்லமாட்டாளுங்க" என்றாள் கோகிலா. "நம்மள வெளிய உட்டுக்குடுக்கமாட்டா. அது மட்டும் நல்லாத்தான் கத்துக்குடுத்திருக்கறோம்."

7

பொங்கலுக்கு நாங்கள் மூன்று பேர்தான். பால் நன்றாகப் பொங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"சனிக்கிழமை மூணு மணிக்கு ரெடியா இரு. பீச்சுல கொண்டுபோய் உடறேன்."

நிவேதா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "யாரும் கூப்பிடலீங்கப்பா."

"கூப்பிடாட்டி என்ன?"

"கூப்பிடாம எப்படிப்பா போறது?"

நான் கற்றுக்கொடுத்த வாய்ப்பாடு. அச்சுப் பிசகாமல் என்னிடமே ஒப்பித்தாள். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலில் சர்க்கரை இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அவளைக் கிளப்பியது கோகிலா. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. காரில் பின் சீட்டில் துண்டு, தண்ணீர் பாட்டில், தொப்பி. கோகிலா வைத்த ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. மேட்டில் வண்டியை நிறுத்தினால் கீழே எல்லாம் தெரியும். மூன்றாவது மரத்து நிழலில் நாலு பெண்கள் காகிதப் பொட்டலத்தைச் சுற்றி உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். சுற்றிலும் கடல் காக்கைகள் பிடுங்கத் தயாராக.

"அதுல ஹானா யாரு?"

"நீலத் தொப்பி."

"போ சாமி."

அவள் சீட் பெல்ட்டைக்கூட எடுக்கவில்லை.

"தட்டோட அவங்க ஊட்டுக்குப் போனீங்களாம்பா? வேட்டியோட? ஹானா அம்மா மெசேஜ் போட்டிருந்தாங்க. ஒரு ஆப்பிளுக்கு தேங்க்ஸ்னு."

"போனேன்."

"ஐயோ அப்பா."

"சரி, அத உடு. எறங்கு."

"அவங்க வேற குரூப் போட்டுட்டாங்கப்பா. போய் நின்னு, எதுக்கு வந்தேன்னு பாத்தா? வேண்டாம்பா. ஊட்டுக்குப் போலாம்."

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பிவிடலாம் என்று ஒரு கணம் சாவியில் கை போனது. திருப்பினால் அவள் இனி எங்கும் இறங்கமாட்டாள் என்று தெரிந்தது. நான் சொல்லி நின்றவளை நான்தான் நகர்த்த வேண்டும். அவளுக்குப் புரிகிற ஒரே பாஷை, நான் கெடுத்து வைத்த அந்தப் பாஷைதான்.

இறங்கினேன். சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். பின் சீட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கார் நிறுத்தும் இடத்தில், கொளுத்துகிற வெயிலில் நின்றேன்.

"நாமக்கல், பாடி பில்டிங் வெல்டர் மகள் நிவேதா அவர்களுக்கு," என்று ஆரம்பித்தேன். "இன்னைக்குச் சனிக்கிழமை மூணு மணிக்கு மேல, மூணாவது மரத்தடியில, வறுவல் திங்கற விசேசம் நடக்குதுங்க. தாங்கள் தவறாம வந்திருந்து..."

"அப்பா!"

"வந்திருந்து, விசேசத்த நல்லபடியா நடத்திக் குடுத்து..."

"அப்பா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கறாங்க!"

பக்கத்துக் காரில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

"குடும்பத்தோட வர வேண்டாமுங்க, தனியாவே வந்து சிறப்பிக்கணுமுங்க!"

பெல்ட் கழன்ற சத்தம் கேட்டது. என்னை நிறுத்தத்தான் இறங்கினாள். சிரிப்பும் அழுகையும் பாதிப்பாதி. பழத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கியதும் அது அவள் கையில் இருந்தது. திருப்பித் தரவில்லை, அதையும் எடுத்துக்கொண்டே புல்லில் இறங்கி நடந்தாள். பாதி தூரத்தில் நடை தளர்ந்தது. நானும் அங்கேயே நின்றேன். நீலத் தொப்பி திரும்பியது. அவர்கள் என்ன பேசினார்கள் என்று அவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை. யாரும் எழுந்து வந்து வரவேற்கவில்லை. ஹானா தன் துண்டை இழுத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அந்த ஒரு முழத்தில் என் மகள் உட்கார்ந்தாள்.

8

தங்கவேல், உங்கள் தங்கை மகளுக்கு இடங்கள் எல்லாம் மேலே இருக்கின்றன: புல் சரிவு, ஐஸ் தளம், படகுத்துறை, ஜவ்வரிசி டீக் கடை. கடலில் கொடி நட்ட எல்லைக்குள் குளிக்கச் சொல்லுங்கள். தொப்பி கட்டாயம். உங்கள் மச்சானிடம் தனியாக ஒன்று சொல்லுங்கள்: யாரும் தட்டோடு வரமாட்டார்கள். காத்திருக்க வேண்டாம்.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. காரை மர நிழலுக்கு மாற்றிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்கிப்போனேன். ஆறரை மணி இருக்கும், கதவு திறந்தது. தலை முழுக்க உப்பு, கால் முழுக்க மணல். வாழைப்பழம் ஒன்றும் மிச்சமில்லை.

வண்டியை எடுத்தேன். சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"இத்தன நாளா ஏன் வரலைன்னு கேட்டாங்க. ஃபங்ஷன் எல்லாம் எப்படிப் போச்சுன்னு கேட்டாங்க."

சிவப்பு விளக்கு மாறவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"நீ என்ன சாமி சொன்ன?"

அவள் காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்து மணலைத் தட்டினாள்.

"எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டனுங்கப்பா."